சுரங்கத்துக்குப் போகும் வழியில் ஒரு சிவந்த தலை

சிஞ்ஞோரா,

இன்று காலை வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்து வங்காளிக் கடையில் தேங்காய்ப்பால் ரின் எடுக்கக் குனிந்தேன். மேல்தட்டில் இருந்த மருதோன்றித் தூள் பைக்கற் ஒன்று என் தோளில் பட்டு விழுந்து வெடித்தது. கடைக்காரர் தும்புத்தடி எடுக்க ஓடினார். விலகி நிற்கவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அந்தப் பச்சைத் தூளுக்கு நடுவில் நின்றேன். நனைந்த வைக்கோலும் பழைய தேயிலையும் கலந்தாற்போன்ற அந்த மணம் மூக்கில் ஏறியதும் கடை போய்விட்டது, சந்தை இரைச்சல் போய்விட்டது. துறைமுகத்தைப் பார்த்த உங்கள் பல்கனியில் நிற்கிறேன். நீங்கள் கழுத்தைச் சுற்றிப் பழைய துவாயைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருக்கிறீர்கள். "காதிலை பூசிப்போடாதை பிள்ளை, போனமுறை ஒரு கிழமையாத் தக்காளிப்பழம் மாதிரித் திரிஞ்சனான்" என்கிறீர்கள்.

நான் குடியிருக்கும் சீசாவுக்கு வரும் பஸ்ஸில் கையை மூக்குக்குக் கிட்டப் பிடித்தபடியே வந்தேன். பக்கத்தில் இருந்தவள் எனக்குச் சுகமில்லை என்று நினைத்திருப்பாள். வீட்டுக்கு வந்து உலையும் வைக்காமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்குச் சொல்லவேண்டியது ஒன்று என்னிடம் மிச்சம் இருக்கிறது.

உங்கள் மகன் மிலானோவிலிருந்து என்னைத் தேடிப் பேசியபோது, அம்மாவின் வாயிலிருந்து இத்தாலியன் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று போகிறது, பிறந்த ஊரின் ஆங்கிலம்தான் மிஞ்சுகிறது, அது தெரிந்த ஒருவர் வேண்டும் என்றார். என் ஆங்கிலம் ஊர்காவற்றுறையில் கன்னியாஸ்திரிகள் அடித்துப் பழக்கியது. அதுவே போதும் என்றார். முதல் நாள் நீங்கள் என் பெயரைக் கேட்கவில்லை, இந்த நாட்டில் தங்க அனுமதிக்கும் பெர்மெஸ்ஸோவைக் கேட்கவில்லை. "தேத்தண்ணி போடத் தெரியுமோ? பால் விட்டு?" என்று மட்டும் கேட்டீர்கள். இந்த ஊரில் தேத்தண்ணி என்றால் காய்ச்சல்காரருக்கு எலுமிச்சைத் துண்டு போட்டுக் கொடுக்கிற சுடுதண்ணீர். நான் நன்றாகச் சாயம் இறங்கவிட்டு, பால் ஊற்றி, சீனி அள்ளிப் போட்டுக் கொண்டுவந்து தந்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினீர்கள். "கடைசியிலை ஒரு மனிசி வந்து சேர்ந்திருக்கிறாள்" என்றீர்கள்.

நீங்கள் பேசியது பாதி ஆங்கிலம், பாதி இத்தாலியன், நடுநடுவே சிசிலியனில் ஒரு வசவு. எல்லாம் என் தலைக்குள் போய்த் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. ஆகவே இந்த மடலில் நீங்கள் ஊர்காவற்றுறைக் கிழவி மாதிரிக் கதைத்தால் கோபிக்கக் கூடாது.

உங்கள் தலைக்கு மருதோன்றி பூசுவது என் வேலைகளில் ஒன்றாகிப் போனது. தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற வயதில் இந்த ஆசையா என்று மச்சாளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். கழுவித் துடைத்ததும் கண்ணாடியைக் கேட்பீர்கள். "காணாது. இன்னும் சிவப்பு வேணும்" என்பீர்கள். அழகுக்குத்தான் செய்கிறீர்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தப் பல்கனியில் இருந்துகொண்டு எத்தனை பின்னேரங்கள் உங்கள் ஊருக்குப் போய்வந்தோம்! ஸ்கொட்லாந்தில் ஒரு நிலக்கரி ஊர். அயர்லாந்தின் மேற்குக் கரையில் நிலமும் கடலும் சோறு போடாத காலத்தில் உங்கள் ஆட்கள் கப்பலேறி வந்து குடியேறிய இடம். கரிக்கழிவைக் கொட்டிக் கொட்டி எழுப்பிய கறுப்பு மலையின் அடியில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகள் ஒரு வரிசை. அந்த வரிசை முழுக்க அயர்லாந்துக்காரர், எல்லோரும் எங்களைப் போலக் கத்தோலிக்க வேதக்காரர். ஊரின் மற்றப் பக்கத்தாருக்கு அவர்கள் என்றால் இளப்பம். மழை பெய்தால் மலைக்குள் புகைந்துகொண்டிருக்கும் நெருப்பிலிருந்து ஆவி எழும்பித் தெருவை மூடும். வேலை முடிந்து வருகிறவர்களின் கண்ணும் பல்லும்தான் அதற்குள்ளால் முதலில் தெரியும். உங்கள் அப்பா அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியில் இருந்து குளிப்பார், முதுகை மட்டும் தேய்க்க விடமாட்டார். தேய்த்தால் முதுகின் பலம் போய்விடுமாம். கரித்தூள் ஏறி ஆறிய காயங்கள் அவருடைய கைகளில் நீலக் கீறல்களாகக் கிடக்கும். வீட்டில் அதிகம் வாய் திறக்காத மனிதர், சுரங்கத்துக் குதிரையோடு மட்டும் அயர்லாந்துப் பாஷையில் கதைப்பார். "அந்தக் குதிரைக்கு எங்கடை பாஷை எங்களைவிட நல்லா விளங்கும்" என்று சொல்லிச் சிரிப்பீர்கள்.

கேட்டுக் கேட்டு அந்த ஊர் எனக்குக் கனவிலும் வந்தது. கனவில் அந்த வரிசை வீடுகளின் முடிவில் எங்கள் ஊர் இறங்குதுறை இருந்தது. பனைகளெல்லாம் கரி பூசிக்கொண்டு நின்றன. குதிரை ஒன்று தோணியில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. மறுநாள் உங்களிடம் சொன்னேன். "உன்ரை துறை அங்கை வந்தது நல்லதுதான். எங்கடை ஊரிலை நல்ல மீன் கிடையாது" என்றீர்கள், ஏதோ நிசமாகவே துறையைக் கொண்டுபோய் வைத்துவிட்ட மாதிரி.

நாப்போலிக் கப்பல் காலையில் துறைமுகத்துக்குள் வரும்போது ஊதும். தூக்கம் கலையாமலே "சங்கு ஊதிற்றுது" என்பீர்கள். உங்கள் காதுக்கு அது வேலைக்குக் கூப்பிடும் சுரங்கத்துச் சங்கு. உங்கள் தலைமுடிக் கதை அந்தச் சங்கிலிருந்துதான் தொடங்கும். சுரங்கத்துக்குப் போகிற வழியில் சிவந்த முடியுள்ள பெண் எதிர்ப்பட்டால் அன்றைக்கு ஏதாவது நடக்கும் என்று அந்த வரிசை வீட்டார் நம்பினார்கள். கண்டால் பாதி வழியிலேயே திரும்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கோ பிறவியிலேயே நெருப்புப் பிடித்த தலை. சங்கு ஊதியதும் அம்மா உங்கள் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிப் பின்னறைக்குள் விட்டுவிடுவா. ஆணி அடித்த சப்பாத்துகளின் சத்தம் தெருமுனையில் ஓயும்வரை வெளியே வரக்கூடாது. "அயர்லாந்திலையிருந்து வரேக்கை சட்டி பானையைக்கூட விட்டிட்டு வந்த சனம். இந்தப் பயத்தை மட்டும் பத்திரமாக் கட்டிக்கொண்டு வந்ததுகள்" என்பீர்கள்.

பிறகு சுவரில் படமாகத் தொங்கும், உங்களை இந்த ஊருக்குக் கூட்டிவந்த கணவரின் கதை. நீங்கள் அதிகம் சொன்னது அதைத்தான், நான் அதிகம் சிரித்ததும் அதற்குத்தான். இங்கே சிசிலியில் கந்தகச் சுரங்கத்தில் வேலை செய்த இளைஞர், இத்தாலியிலிருந்து ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உங்கள் ஊருக்கு வந்தவர். ஒருநாள் காலை, சங்கு ஊதிய பிறகு, நீங்கள் தலையில் துணியில்லாமல் நடுத்தெருவால் வந்தீர்கள். முன்னால் வந்தவர்கள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார்கள். பின்னால் வந்த இந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தொப்பியைக் கழற்றி "புவொன்ஜோர்னோ, சிஞ்ஞோரீனா" என்றார். எல்லோரும் வழி மாறிப் போகிறார்கள் என்று நினைத்து, சுரங்கம் இந்தப் பக்கம் என்று அவர்களுக்குக் கையையும் காட்டினார். அன்று அவர் இறங்கி வேலை செய்துவிட்டுப் பின்னேரம் பத்திரமாக ஏறி வந்தார். மறுநாள் அதே இடத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்பிடி நிக்கிற ஆளைக் கலியாணம் கட்டாமல் வேறை என்ன செய்யிறது?" என்பீர்கள்.

"நீங்கள் ஏன் அண்டைக்குத் துணி கட்டாமல் போனனீங்கள்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஈரமாக் கிடந்தது" என்றீர்கள். நானும் நம்பிவிட்டேன்.

என் மகள் றொசாலிக்குக் கலியாணம் சரிவந்ததும் முதலில் உங்களிடம்தான் சொன்னேன். அவள் பிறந்தபோது இந்த ஊர்ப் புனிதையின் பெயரை வைத்தவர் என் கணவர். அவர் இப்போது இல்லை. நெஞ்சு நோகிறது என்று சொல்லிக் கதிரையில் இருந்தவர் எழும்பவேயில்லை. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அன்று உங்கள் தலையில் மருதோன்றியைப் பூசிக்கொண்டே, "கலியாணத்தண்டு நான் வெள்ளன கோவிலுக்குப் போயிடுவன், பூவேலை பாக்க" என்றேன்.

"ஏன், பூவுக்கு வேறை ஆளில்லையோ? பிள்ளை வெளிக்கிடேக்கை நீ வீட்டிலை நிக்கமாட்டியோ?"

முழுவியளம் என்றால் என்னவென்று அன்று உங்களுக்கு விளக்கினேன். வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறவர் முதலில் யாருடைய முகத்தைக் காண்கிறார் என்பது. நல்ல காரியத்துக்குப் படியிறங்கும்போது கணவனை இழந்தவள் எதிரே வரக்கூடாது. நாங்கள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள்தான், ஆனால் சகுனம் ஞானஸ்நானம் எடுக்காமலே எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது. அவர் போன பிறகு யாரும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாகவே ஒதுங்கிப் பழகினேன். பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு என்றால் குசினிக்குள் நிற்பேன், கலியாண வீடு என்றால் பின்வரிசையில் இருப்பேன். இந்தமுறை மச்சாள்தான் பூவேலையைப் பற்றிச் சொன்னா. அவருடைய தங்கை, பொல்லாத மனிசி இல்லை. என் முகத்தைப் பாராமல் மெல்லச் சொன்னா. நானும் உடனே ஓம் என்றேன்.

நீங்கள் என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். பச்சைக் களி உங்கள் விரலிலும் அப்பியது.

"அப்பா செத்த நாளைப் பற்றி உனக்கு நான் சொல்லேல்லை" என்றீர்கள். "அண்டைக்கும் நான் பின்னறைக்குள்ளைதான். அவர் இருமினது கேட்டது. சப்பாத்து மாட்டினது கேட்டது. கதவு சாத்தினது கேட்டது. ஒரு தலைமயிரைக்கூட நான் வெளியிலை காட்டேல்லை. அண்டைக்குத்தான் கூரை விழுந்தது."

துறைமுகத்தில் ஏதோ கப்பலுக்குப் பாரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் அதைப் பார்த்தபடி பேசினீர்கள்.

"காலமையிலை அவர் என்ரை முகத்தைப் பாத்ததே இல்லை, பிள்ளை. ஒளிச்சு ஒளிச்சு நான் என்னத்தைக் காப்பாத்தினனான்? என்னைப் பாத்திட்டாவது போயிருக்கலாம். அதுக்குப் பிறகு நான் துணி கட்டேல்லை. ஈரமும் இல்லை, ஒண்டும் இல்லை."

மிச்ச மருதோன்றியைப் பூசி முடித்தேன். காதிலெல்லாம் பட்டது. நீங்கள் ஏசவில்லை. கொஞ்ச நேரத்தில் பழையபடி குறும்பு வந்துவிட்டது. "நானும் புருசனில்லாதவள், சிவத்தத் தலை வேறை. கலியாணத்தண்டு என்னைக் கொண்டுபோய் உங்கடை வாசலிலை கதிரை போட்டு இருத்திவிடு. உன்ரை மச்சாளுக்குப் பிறகு உன்னைப் பற்றி யோசிக்க நேரமிராது" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "உன்ரை மகள் உன்னைப் பாக்காமல் படியிறங்கக் கூடாது. சொல்லு" என்றீர்கள். "பாப்பம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்த மாரியில் நீங்கள் மெல்ல மெல்லத் தூரப் போனீர்கள். இத்தாலியன் முழுக்கக் கழன்றது. ஆங்கிலமும் இடையில் அறுந்து, எனக்கு விளங்காத ஏதோ பாஷையில் முணுமுணுத்தீர்கள். குதிரையோடு கதைத்த பாஷையாக இருக்கலாம். கப்பல் ஊதினால் பதறிப்போய், கையில் அகப்பட்ட என் சால்வையால் தலையை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்புவீர்கள். "போயிற்றினமோ?" என்று கேட்பீர்கள். "எல்லாரும் போயிற்றினம்" என்று நான் சொன்னால்தான் சால்வையை எடுப்பீர்கள். அவ சொல்வதற்கு ஒத்துப்போங்கள், மறுத்துப் பேசாதீர்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். நானும் ஒத்துத்தான் போனேன். ஆனால் வாழ்நாள் முழுக்கத் துணி கட்டமாட்டேன் என்று நின்றவள் கடைசியில் ஒரு சின்னப் பிள்ளையாக அந்தப் பின்னறைக்கே திரும்பிப் போய்விட்டதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு காலை என்னால் ஏலாமல் போனது. கப்பல் ஊதியது. "போயிற்றினமோ?" என்றீர்கள்.

"இல்லை. இன்னும் போகேல்லை. இப்பதான் தெருவாலை வரினம். எழும்புங்கோ, போய்ப் பாப்பம்."

உங்கள் கண்ணில் தெரிந்த பயத்தை நான் மறக்கமாட்டேன். ஆனாலும் காலை நிலத்தில் வைத்தீர்கள். போர்வையால் உங்களைச் சுற்றி, தலையிலிருந்த சால்வையை மட்டும் எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டு, பல்கனிக்கு நடத்திக்கொண்டு போனேன். கடல் பக்கம் அப்போதுதான் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. மெல்லிய பனிமூட்டம். கீழே துறைமுகத்து ஆட்கள் கூட்டமாக வேலைக்குப் போனார்கள், சப்பாத்துச் சத்தம் எங்களுக்கும் கேட்டது. காற்று உங்கள் முடியைக் கிளப்பியது. அடியில் விரலளவு வெள்ளை, மிச்சமெல்லாம் சிவப்பு. நீங்கள் என் கையை நோக நோகப் பிடித்திருந்தீர்கள். யாரும் திரும்பிப் போகவில்லை. ஒருவர் மட்டும் அண்ணாந்து பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு நடந்தார்.

"பாத்திட்டார்" என்றீர்கள்.

யார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள்தான் என் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு நின்றீர்கள். அதற்குப் பிறகும் கப்பல் ஊதத்தான் செய்தது, நீங்கள் தலையை மூடவில்லை. நீங்கள் போன அன்று, பெட்டிக்குள் வைத்து உங்கள் தலைக்கு வெள்ளை லேஸ் துணி போட ஒரு பெண் வந்தாள். நான் விடவில்லை. உங்கள் மகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இனி உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து கலியாணம் வந்தது. அன்று காலை எங்கள் சின்ன வீட்டுக்குள் நிற்க இடமில்லை. மச்சாள் என்னிடம் வந்து, "கோவிலுக்குப் போற வான் கீழை வந்து நிக்குது மச்சாள். நீங்கள் முன்னுக்குப் போனீங்களெண்டால் பூவைப் பாக்கலாம்" என்றா.

"பூ தன்ரை பாட்டிலை இருக்கும். நான் போகேல்லை" என்றேன்.

கதைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சாள் என்னைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனா. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவவின் கண் கலங்கியிருந்தது. "எனக்கு வேறை ஒண்டும் இல்லை மச்சாள். அண்ணன்ரை ஒரே பிள்ளை. பயமாக் கிடக்கு."

"எனக்கும் பயம்தான்" என்றேன். பொய்யில்லை, சிஞ்ஞோரா. நாளைக்கு என் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று நடந்தால், இவர்கள் சொல்லமாட்டார்கள், நானே எனக்குச் சொல்வேன். அது தெரிந்துதான் கீழே இறங்கித் தெருவாசலுக்குப் போனேன். போய்த் திரும்பி, இறங்கி வரும் பிள்ளைக்கு எதிர்ப்படவென்றே படியில் ஏறினேன். நடுப்படியால் ஏறினேன்.

மேலே றொசாலி வெளிக்கிட்டு வந்தாள். முகத்திரையை விலக்கிக்கொண்டு படி படியாகத் தேடினாள். என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"மம்மா! எங்கை போனீங்கள்? ஆரைக் கேட்டாலும் கியேசாவிலை பூவேலை எண்டுகினம். நான் அழப்போறன், மேக்கப் எல்லாம் போகப்போகுது!"

"இஞ்சைதான் நிக்கிறன். என்னைப் பார்" என்றேன். அவள் பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன். பிறகு அவளுக்கு முன்னால் நானே இறங்கினேன். பின்னால் மச்சாள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வாசலுக்கு வந்ததும், "முந்தானையைச் சரியா விடுங்கோ மச்சாள், படத்திலை விழும்" என்று அவவே இழுத்துவிட்டா.

றொசாலியும் அவள் கணவரும் இப்போதைக்கு என்னோடுதான் இருக்கிறார்கள். மருமகனுக்குத் துறைமுகத்தில் பாரம் ஏற்றி இறக்குகிற வேலை. கலியாணம் முடிந்து முதல் நாள் அவர் விடிய வேலைக்கு வெளிக்கிட்டபோது நான் வாசலில் நின்றேன். முன்பென்றால் குசினிக்குள் போய் ஏதாவது சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றிருப்பேன். அவர் என்னைக் கண்டு ஒரு கணம் தயங்கினார். நல்ல பெடியன், ஆனால் அவரும் எங்கள் ஊர்தானே.

"போட்டு வாறன் மாமி" என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"முகத்தை வடிவாப் பாத்திட்டுப் போங்கோ தம்பி" என்றேன்.

வெட்கப்பட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். போனார். பின்னேரம் நல்ல பசியோடு திரும்பி வந்தார், சிஞ்ஞோரா.